சித்தி நிறத்தில் ஒரு படம்

மாமா கேமரா வாங்கிய கதை ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக் முழுக்கத் தெரியும். அம்மாவின் தம்பி, ஐ.டி.யில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரயிலில் வந்து இறங்குவார். இத்தனைக்கும் அதன் உச்சியில் இருந்த குமிழை, தானாகவே படம் எடுக்கும் அந்தப் பச்சைக் கட்டத்தைவிட்டு அவர் நகர்த்தியதே இல்லை. "எம்-னு போட்டிருக்கிற இடத்துல மட்டும் வெச்சுடாத, எல்லாத்தையும் நாமளே திருகணும், கேமரா கொழம்பிடும்" என்று என்னை மிரட்டுவார். குழம்புவது யார் என்று கேட்கும் வயது எனக்கில்லை.

அந்த ஞாயிறு அவர் வந்தது சித்தியைப் படம் எடுக்க. அம்மாவின் தங்கை, எங்களோடு தங்கி, அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சித்தி நல்ல கறுப்பு. ஸ்டூடியோவில் எடுத்த படத்திலோ பாலாடை மாதிரி இருப்பாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். சித்தி காபி கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும், வந்த பெண்களின் கண் உள்ளறைத் திரைப் பக்கமே போகும். இன்னும் கொஞ்சம் கேசரி வருமா என்று பார்க்கிறார்கள் போலும் என நான் நினைத்துக்கொள்வேன். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்புவார்கள். ஒன்றும் சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

மாமா அழுத்தினார். ஃபிளாஷ் தானாக எழுந்து நின்று பளீரென்று அடித்தது. சித்தியின் முகம் மைதா மாவு அப்பியதுபோல் விழுந்தது.

"ஸ்டூடியோவைவிட செவப்பா விழுந்திருக்குடா!" அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மாமா கிளம்பும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டதால், கேமராவை எங்களிடமே விட்டுவிட்டு ரயிலேறினார்.

மறுநாள் சாயங்காலம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். சித்தி முகம் கழுவி, பவுடர்கூடப் போடாமல் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த எம்-ல வெச்சு எடு பார்க்கலாம். கொழம்பினா கொழம்பட்டும்."

குமிழை எம்-முக்குத் திருப்பி அழுத்தினேன். ஃபிளாஷ் எழவே இல்லை. முதல் படத்தில் சித்தியே இல்லை, வெறும் வெள்ளை. விரலுக்கு எட்டிய சின்னச் சக்கரத்தை உருட்டினேன். கேமராத் திரையின் ஓரத்தில் இருந்த எண் எங்கோ ஏறியது. அடுத்த படம் கும்மிருட்டு. எண் ஏறினால் இருட்டு, இறங்கினால் வெளிச்சம் என்று பிடிபட்டபோது எனக்குச் சாமி வந்ததுபோல் இருந்தது. ஒரு விரலால் பகலை இரவாக்க முடிகிறதே! கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

திரையில் சித்தி வந்தாள், அவள் நிறத்திலேயே. கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம், மூக்குத்தியில் ஒரு பொட்டு மினுக்கம். தினமும் எனக்குத் தலைவாரிவிடும் அதே முகம்தான். ஆனால் அத்தனை அழகை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கேமராவை அவளிடம் நீட்டினேன். சித்தியும் அதை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வந்ததும், "இதைத்தான் அனுப்பணும்க்கா" என்றாள்.

"இதைப் பார்த்தா எவன்டி வருவான்?"

"வர்றவன் இதைப் பார்த்துட்டே வரட்டும்."

அம்மா அழுதாள், கத்தினாள், கடைசியில் அனுப்பினாள். அதன் பிறகு எந்த மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் போன் வரவேயில்லை. என் படத்தால்தான் சித்தியின் கல்யாணம் கெட்டுவிட்டது, எண்ணை இன்னும் கொஞ்சம் இறக்கியிருக்க வேண்டும் என்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். சித்தியோ மாதக் கடைசி ஞாயிறன்று ஒரு பாட்டை முணுமுணுத்தபடி எங்களுக்கு மட்டும் கேசரி கிண்டினாள்.

"எதுக்குடி அழற? பாரு, இந்த மாசம் ஒருத்தரும் உள்ளறையை எட்டிப் பார்க்கலை" என்று என் கன்னத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள்.

நான் திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டிலும் அரிசி டிரம்மும்தான் இருந்தன. ஸ்டூடியோ படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் அங்கே யாரைத் தேடினார்கள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.