டின்பால் டப்பாவில் ஒரு பிடி மணல்

ஹட்டன் கடையிலிருந்து மகன் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு இரண்டு வாங்கி வந்தான். வந்த வேகத்தில் தலைக்கு மேலே தூக்கினான். இப்போது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வீடு முழுக்கத் தைல வாசம். பாதிக் கனம் போதுமடா என்றால், "உங்களுக்கு என்னம்மா தெரியும்" என்கிறான். எனக்கா தெரியாது? நீங்களே கேளுங்கள்.

இதே தைலம்தான் அன்றைக்கு வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்திலும் மணத்தது. எனக்குக் கல்யாணமான புதுசு, வெள்ளைக்காரத் துரைமார் காலம். என் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் கட்டையாக்குகிற வேலை அது, தோள்தான் முதல். காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தை ஒட்டிய கோயில் வாசலில் ஒரு உருண்டைக் கல் கிடந்தது. ஊரில் இளவட்டக்கல் தூக்கிய நினைப்பில் நம் ஆட்கள் ஆற்றிலிருந்து உருட்டி வந்தது. அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுகிறவனுக்குத்தான் திருவிழாவில் சாமி தூக்க முன்கொம்பு. என்னவரும் தூக்கினார். கல் பின்னால் போகவில்லை, தோள்தான் இடம் மாறியது.

தோட்டத்து மருந்துக்காரர் தோளை இடத்தில் வைத்துக் கட்டினார். கட்டு அவிழ்த்ததும் சும்மா வைக்காமல் மெல்ல ஆட்டு, வலித்தால் நிறுத்து என்றார். மீதியெல்லாம் என் மூளை. டின்பால் டப்பாவுக்குக் கம்பியில் கைப்பிடி போட்டேன். முதலில் வெறும் டப்பா. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டச் சொன்னேன். வலி விட்டபிறகு ஒரு பிடி மணல் போட்டு, முழங்கையை இடுப்போரமாகப் பின்னால் இழுக்க வைத்தேன். தோள் உயரத்துக்கு மேலே கை போனால் விடமாட்டேன். குழந்தைக்குக் கிலுகிலுப்பையா என்று லயமே சிரித்தது. சிரிக்கட்டுமே. அவர்தான் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஆட்டினார்.

தோள் தேறியது, எங்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணிதான் தேறவில்லை. அடிபட்டதிலிருந்து என்னவருக்கு அரைப்பேர்தான் போட்டு வந்தார், அதாவது பாதிச் சம்பளம். கல்லைத் தூக்கிக் காட்டினால்தான் முழுப்பேர் என்றார். தூக்கினால் தோள் மறுபடி போகும், தூக்காவிட்டால் அரை வயிறு. இன்று தைலம் தேய்க்கிறவன் அன்று என் வயிற்றில்.

ஒரு காலைப் பெரட்டில், எல்லார் முன்னாலும் கங்காணி கல்லைக் காட்டினார். இந்த மனுஷனும் வேட்டியை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கல்லுக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"கல்லு தூக்குறதுக்கா கங்காணியய்யா சம்பளம் குடுக்குறீங்க? கத்தியக் குடுத்து மலைக்கு அனுப்புங்க. அந்திக்குள்ள வேல முடியலேன்னா எனக்கும் சேத்து அரைப்பேரு போடுங்க."

பெரட்டில் பொம்பளை வாய் திறக்கிற காலமா அது? கங்காணி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பொஞ்சாதியை அடக்கமாட்டாயா என்று அவரிடம் கேட்டார்.

அவர் மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். "அவ சொல்றது நெசந்தானுங்களே."

எனக்கு அது போதும். கங்காணியும் கத்தியைக் கொடுத்து மலைக்கு அனுப்பினார். அன்றைக்கு அந்திக்கு முன்பே வெட்டி முடித்தார், முழுப்பேர் விழுந்தது. முன்கொம்பு மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. திருவிழாவில் ஓரமாகப் பந்தம் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருக்கு அதில் வருத்தம், எனக்குத் துளியும் இல்லை.

அந்தக் கங்காணி இப்போது இல்லை. லயத்தை இடித்துவிட்டார்கள், கல்லை ரோட்டுக்கு உடைத்துப் போட்டுவிட்டார்களாம். கடைசிவரை முழுப்பேர் வாங்கிய என் மனுஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார். டப்பா மட்டும் துருவேறிக் கிடந்தது. நேற்று அதில் ஒரு பிடி மணல் போட்டு மகன் முன்னால் வைத்தேன். சிரிக்கிறான். இரும்புக் குண்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, மேலே நான் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டுமென்றால் என்னைத் தாண்டி வந்து எடுக்கட்டும்.