சூளைக்கு ஆள் தேடியவர்

விருத்தாசலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய என்னிடம் ஒருவர் ஓடி வந்தார். சட்டைக் கையில் களிமண் காய்ந்திருந்தது.

"சூளை வேலைக்கு வந்தீங்களா?"

இல்லை என்றதும் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"பீங்கான் பட்டறை வச்சிருக்கேங்க. ஆளு வேணும்னு ஆன்லைன்ல போட்டேன். போன் ஓயல. ஒருத்தன் வூட்லேர்ந்தே வேலை பாக்கலாமான்னு கேக்குறான். சூளையப் பார்சல்ல அனுப்புறதா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பொம்மையெல்லாம் சூளையில அடுக்கியாச்சு. இன்னிக்கு எரிக்கலன்னா ஆர்டர் போயிடும். ஒருத்தர் மட்டும் வரேன்னாரு. இப்ப போன் எடுக்க மாட்டேங்குறாரு."

"வந்துடுவாருங்க" என்றேன்.

அடுத்த பஸ் உள்ளே திரும்பியது. அவர் அவசரமாகத் தலையைச் சீவி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வேலை கேட்டு வந்தவரைப் போலப் படிக்கட்டருகே நின்றார். யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.