மூன்றாம் பாட்டுக்கு முன்னால் நின்றுபோன கதை

வீட்டில் ஒருவருக்கும் தெலுங்கு எழுதத் தெரியாத நிலையில், தெலுங்குக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. வலது கையில் மாவுக்கட்டோடு இடது கையால் ஆடி எடுத்த காலனி கேரம் கோப்பை. பந்த் அன்று பஸ் ஓடாததால் போவன்பள்ளிச் சந்தைக்காரரின் தக்காளி லாரியில் ஏறிப் போய் மாதாப்பூரில் வாங்கிய சாஃப்ட்வேர் வேலை. இவ்வளவும் ஹைதராபாத் குஷாய்குடா மஹதி ஜெயித்தவை. ஆனால் எல்லாவற்றையும் விடப் பாடுபட்டு ஜெயித்தது அல்வால் சாவித்ரி மாமியைத்தான்.

2002 ஆவணியில் மாமி தன் பிள்ளை ஸ்ரீனிவாஸுக்குப் பெண் பார்க்க வந்தாள். கேசரி முடிந்தது. மஹதிக்குப் பேர்தான் சங்கீதப் பேர், குரல் எழும்பாது. பாடச் சொல்லிவிடுவார்களோ என்று காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே நழுவப் பார்த்தாள்.

"பாட்டு நக்கோம்மா," என்றாள் மாமி. முப்பது வருஷ ஹைதராபாத் வாசத்தில் அவளுக்கு 'வேண்டாம்' எல்லாம் 'நக்கோ' ஆகியிருந்தது. "இதுவரைக்கும் பார்த்த நாலு பொண்ணும் ஒரே பாட்டைப் பாடித்துகள். நீ வேற ஏதாவது சொல்லு."

மஹதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முந்தின ஞாயிறு ரேடியோவில் கேட்ட கதையை எடுத்துவிட்டாள். சிற்றலையில் கரகரத்துக்கொண்டு வரும் 'வாரம் பத்து' நிகழ்ச்சியில், பத்தாவது பாட்டிலிருந்து முதல் பாட்டு வரை, நடுநடுவே அறிவிப்பாளர் ஒரு கதையைத் துண்டு துண்டாகச் சொல்வார். ஒருவன் சிநேகிதனின் ஷூவை இரவல் வாங்கிக்கொண்டு பெண் பார்க்கப் போகிறான். ஷூ பெரிசு, முனையில் பேப்பர் அடைத்திருக்கிறான். மூன்றாவது பாட்டு வரப்போகும் நேரத்தில், அவன் பஜ்ஜி தின்றுவிட்டு வாசலுக்கு வந்தால் ஒற்றை ஷூதான் கிடக்கிறது. மற்றதைப் பெண்ணின் அப்பா கையில் தூக்கி வைத்து உள்ளே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அப்புறம்?" மாமி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"அப்புறம் கரண்ட் போயிடுத்து."

"கதையிலயா?"

"இல்லை மாமி, எங்காத்துல."

ஸ்ரீனிவாஸ் சிரித்த சிரிப்பில் காபி அவன் சட்டையில் கொட்டியது. மஹதிக்கு அந்த நிமிஷமே அவனைப் பிடித்துப்போயிற்று. மாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அரைக் கதையோட அனுப்பறயே, எனக்குத் தூக்கம் வருமா? முடிவைக் கண்டுபிடிச்சுண்டு அல்வாலுக்கு வா. அப்புறம்தான் தாம்பூலம்."

பேட்டரி ரேடியோ இருந்த தமிழ் வீடுகளாகப் பார்த்து மஹதி ஏறி இறங்கினாள். எல்லோரும் அந்த நிகழ்ச்சியைக் கேட்டவர்கள்தான். ஆனால் அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அடுத்து வருவது எந்தப் பாட்டு என்று சண்டை போடுவது அந்தக் காலனியின் வழக்கம்.

"மூணாவது பாட்டு எதுன்னு கேளு, சொல்றேன்," என்றாள் பக்கத்து வீட்டுக் கிரிஜா மாமி. "கதையா? நான் விளம்பரம்னு நினைச்சேன்டீ."

"பேசாம நீயே ஒண்ணைக் கட்டி, ரேடியோல வந்ததுன்னு சொல்லிடேன்," என்றான் அண்ணன் நாராயணஸ்வாமி.

"பொய்யிலயா ஆரம்பிக்கறது? மாட்டேன்ணா."

அடுத்த ஞாயிறு எஸ்.டி.டி. பூத்தில் நின்று, விரல் தேய நம்பரை அழுத்தி, நிகழ்ச்சிக்குள் நுழைந்தேவிட்டாள்.

"வணக்கம், எந்தப் பாட்டு வேணும்?"

"பாட்டு வேண்டாம் சார், ஷூ வேணும்."

"ஓ, அந்தக் கதையா! அன்னிக்கு நேரம் ஆயிடுச்சும்மா, பாட்டைப் போட்டுட்டேன். முடிவை நான் யோசிக்கவே இல்லை. நீங்க எழுதி அனுப்புங்க, படிக்கிறேன். தமிழ்ல மட்டும்தான்."

மஹதி அல்வாலுக்குப் போய் உள்ளதைச் சொன்னாள். "முடிவே கிடையாதாம் மாமி. நானா ஒண்ணு கட்டியிருக்கேன், சொல்லட்டுமா?"

"சொல்லு, சொல்லு."

"அந்த ஷூ அப்பாவோடதுதான். போன மாசம் கோவில் வாசல்ல காணாமப் போனது. 'திருடன்!'னு கத்தறார். பொண்ணு வந்து, 'திருடினவன் அதே வீட்டு வாசல்ல கழட்டிட்டு நிம்மதியா பஜ்ஜி தின்பானாப்பா? ஒண்ணு இவர் நல்லவர், இல்லாட்டா மகா அசடு. எதுவானாலும் எனக்குச் சம்மதம்'கறா. மாப்பிள்ளை வெறுங்காலோட வீட்டுக்குப் போறார், முகூர்த்தம் குறிச்சுண்டு."

மாமி தன் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். "ஹவ், ஆமாம்மா, இவன் ரெண்டாவது ரகம். தாம்பூலம் மாத்திடலாம். ஆனா முதல்ல இதை ரேடியோவுக்கு அனுப்பு. உன் பேரை நான் அதுல கேக்கணும்."

மஹதிக்குத் தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றும் எழுத வரும். தமிழ் பேச மட்டும்தான். அண்ணன் எழுதித் தருகிறேன் என்றதற்குப் பேனாவை மறைத்து வைத்துக்கொண்டாள். தமிழ் நாட்காட்டித் தாள்களைப் பரப்பி ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பார்த்து, சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கதையை முடித்தாள். அதன் கீழே 'மஹதி' என்று தமிழில் முதல்முறையாகக் கையெழுத்துப் போட்டாள்.

தேதி: 7 செப்டம்பர் 2002.