அப்பா ஊதிய பந்து

செல்வமேரி டீச்சருக்குப் படம் காட்டிப் பாடம் நடத்துவது அறவே பிடிக்காது. அஸ்தம்பட்டியிலிருந்து புதுச்சத்திரத்துக்குப் பஸ் ஏறும்போதே அவள் பைக்குள் பாடம் இருக்கும். ஒரு துண்டு வெல்லம், டம்ளர், துணியில் சுற்றிய ஐஸ் கட்டி. "படத்துல இருக்கற ஐஸ் என்னைக்குடா உருகியிருக்கு?" என்பாள். அந்த ஐஸ் பாதி வழியிலேயே உருகிப் பக்கத்து சீட்டுக்காரரின் வேட்டியை நனைத்துவிடும். அதற்கு வாங்கும் திட்டு தனி.

திடம், திரவம் முடிந்து வாயுவுக்கு வந்தால் வகுப்புக்கே கொண்டாட்டம். காற்றடைத்த பொருள் ஏதாவது பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். டீச்சர் அதைத் திறந்து ஒவ்வொரு முகத்திலும் காற்றைப் பீச்சுவாள். கண்ணுக்குத் தெரியாததைக் கன்னம் தெரிந்துகொள்ளட்டும் என்பாள். வருடா வருடம் இப்படித்தான்.

இந்த வருடம் கிருத்திகா ஒரு பிளாஸ்டிக் பந்து கொண்டுவந்தாள். வாயால் ஊதி மூடி போட்ட பந்து. அவள் அப்பா தீனதயாளன் ரிக் வண்டியோடு வடக்கே போர்க் கிணறு தோண்டப் போய், ஆடி மாதம் விபத்தில் இறந்துபோனான். டீச்சரும் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்தவள்தான். ஆனால் பந்தைப் பற்றி யார் சொன்னார்கள்? மூடியைப் பிடுங்கி, முன்வரிசைப் பிள்ளைகள் மேல் ஒரு அமுக்கு அமுக்கினாள்.

"ஐயோ டீச்சர், வேண்டாமுங்க! அது எங்கப்பா ஊதுனதுங்க!"

செல்வமேரி சட்டென்று மூடியை அழுத்தினாள். அதற்குள் பந்து பாதி சப்பிப்போய்விட்டது. அடப்பாவமே, ஒரு வார்த்தை கேட்டுவிட்டல்லவா கை வைத்திருக்க வேண்டும்!

"காட்டத்தானுங்க கொண்டாந்தேன்," என்று தேம்பினாள் கிருத்திகா. "போன காத்து எங்கீங்க போச்சு?"

சமாதானத்துக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். செல்வமேரி தெரிந்ததைத்தான் சொன்னாள்.

"வாயு இருக்கற எடம் பூராப் பரவிக்கும் சாமி. இப்ப இந்த ரூம் பூரா இருக்குது."

கிருத்திகா ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினாள். கதவைச் சாத்தினாள். சன்னல்களை மற்ற பிள்ளைகளே சாத்தினார்கள். புழுக்கத்தில் வியர்வை வழிய, வகுப்பு மொத்தமும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. கிருத்திகா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். செல்வமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். அழுகையை அடக்க முடியவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. கடைசியில் கிருத்திகாதான் போய்க் கதவைத் திறந்தாள்.

"டீச்சர மன்னிச்சிரு சாமி," என்று செல்வமேரி பந்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

பிள்ளை அதை அமுங்காமல் வாங்கிக்கொண்டாள்.

"மிச்சம் அம்மாவுக்குங்க டீச்சர். ஊட்டுக்குப் போயி, கதவச் சாத்திட்டுத் தொறக்கறோமுங்க."