அம்மாவுக்கு நான் வைத்த பரீட்சை

காக்னிடிவ் சயின்ஸ் படிக்கிறேன் என்று சொன்னால் ஆம்பூரில் எங்கள் தெருவில் வரும் முதல் கேள்வி, "முடிச்சா டாக்டரா?" இல்லை என்றால், "அப்போ டீச்சரா?" அதுவும் இல்லை என்று சொல்லிவிட்டால் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். மனிதர்கள் எப்படிக் கவனிக்கிறார்கள், எப்படி நினைவில் வைக்கிறார்கள், எப்படி மறக்கிறார்கள் என்று படிக்கிற படிப்பு என்று விளக்கிப் பார்த்து நானே அலுத்துவிட்டேன். அம்மா மட்டும் கம்பெனி பஸ்ஸில் எல்லோரிடமும், "மூளையப் பத்தி படிக்குது" என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

நான் பிறவிக் கோழை. இந்தப் படிப்பு அதற்குத் தீனி போட்டது. முதல் செமஸ்டரில் எந்தக் குறைபாட்டைப் படித்தாலும் அது எனக்கு இருந்தது. கவனக் குறைவு பற்றிப் படித்த வாரம் என்னால் ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை. முகங்கள் அடையாளம் தெரியாமல் போகும் நோயைப் படித்த வாரம், ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு வகுப்புத் தோழியைத் தெரியாமல் கடந்து போய்விட்டு, அறைக்கு வந்து அழுதேன். இரண்டாவது செமஸ்டரில் நினைவாற்றல் வந்தபோது பயந்து பயந்து சலித்துப்போய், எனக்கு ஒன்றும் இல்லை என்கிற முடிவுக்கு வந்திருந்தேன்.

அந்த செமஸ்டர் விடுமுறைக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பத்துப் பேருக்கு முப்பது மதிப்பெண்ணுக்கு ஒரு நினைவுப் பரிசோதனை செய்துகொண்டு வர வேண்டும். கேள்வித்தாளைக் கொடுக்கும்போது எங்கள் பேராசிரியை கண்டிப்பாகச் சொன்னார். எதிரே உட்கார வேண்டும். எடுத்துக் கொடுக்கக் கூடாது. சரி, தப்பு என்று முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும். நான் சொன்ன பேச்சைக் கேட்கிற மாணவி.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்கு ஊருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் வேலை. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற லைனில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறாள். முதல் பரிசோதனையை அவளுக்கே செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

அது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்து, முகம் கழுவி, "நாளைக்கு ஞாயித்துக்கெழம, மூட்டையா துணி கெடக்குது தொவைக்க" என்று சொல்லிக்கொண்டே டீ குடித்தாள். நான் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, அட்டையில் கேள்வித்தாளைச் செருகி, பேனாவோடு உட்கார்ந்தேன். அம்மா அட்டையைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கி என்ன தேதி?"

"தெரியல."

"என்ன கிழமை?"

"தெரியல."

பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னாள். எனக்குப் பயம் பிடித்தது. முகத்தில் காட்டக் கூடாது என்பதால் காட்டவில்லை. பல்லி, குடை, வாழைப்பழம், ரயில், செம்பு என்று ஐந்து வார்த்தைகள் சொல்லி, நினைவில் வைக்கச் சொன்னேன். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, "ஞாபகம் இல்லைங்க" என்றாள். ஒரு கடிகாரம் வரையச் சொல்லி பேனாவை நீட்டினேன். அதை அவள் தொடவே இல்லை.

"நான் எதுவும் எழுதலிங்க."

கூட்டிப் பார்த்தேன். முப்பதுக்குப் பன்னிரண்டு. இருபதுக்குக் கீழே வந்தால் மருத்துவரிடம் அனுப்பவும் என்று தாளின் அடியில் தமிழிலேயே அச்சடித்திருந்தது. "அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு அம்மா அரிசி கழுவப் போய்விட்டாள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் மனுஷியாகவே இல்லை. அம்மா ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டாள். தலையில் இருக்கும் கண்ணாடியை வீடெல்லாம் தேடினாள். என்னைச் சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பஸ்ஸில் நடந்த ஒரு சண்டையை இரண்டு நாள் திரும்பத் திரும்பச் சொன்னாள். இதெல்லாம் நான் பிறந்ததிலிருந்து அவள் செய்துகொண்டிருப்பவைதான். ஆனால் பன்னிரண்டைப் பார்த்த பிறகு ஒவ்வொன்றும் அறிகுறியாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் நேரம் போட்டு நோட்டில் எழுதினேன். அவள் அடுப்புப் பக்கம் போனால் பின்னாலேயே போய் நின்றேன். தையல் மிஷினில் ஊசி ஓடும்போது ஒரு நொடி மறந்துவிட்டால் விரல் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்துச் சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் வாக்கிங் என்று பொய் சொல்லிக் கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரை கூடவே போனேன். அந்த நேரத்தில் ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அம்மா எதையும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தன் பஸ்ஸில் சரியாக ஏறினாள். வேறு யாராவது என்றால் அதிலேயே நிம்மதி அடைந்திருப்பார்கள். பழக்கமான காரியங்கள் கடைசியில்தான் மறக்கும் என்று நான் படித்திருந்தேன். அரைகுறைப் படிப்பு மாதிரி ஒரு சனியன் உலகத்தில் இல்லை.

படிப்பை நிறுத்திவிட்டு ஆம்பூருக்கே வந்துவிடுவதாகத் துறைக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தேன். அனுப்பவில்லை. அனுப்பிவிட்டால் அம்மாவுக்கு வியாதி என்பது உறுதியாகிவிடும் என்று பயம். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, வேலூருக்குப் போய் டாக்டரைப் பார்க்கலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"எனக்கு இன்னா வந்துச்சு? லீவு போட்டா ஒரே பேஜாரு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

இரண்டு வாரம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பேர் கணக்கை முடிக்க வேண்டுமே என்று எதிர்வீட்டு அத்தையிடம் போனேன். சொந்தம் இல்லை, கூப்பிடுவது அத்தை. அம்மாவுக்குப் பக்கத்து மிஷினில் தைக்கிறவர். நான் தவழ்ந்த நாளிலிருந்து என்னைத் தெரியும். வாயாடி. லைனில் இருக்கும் அத்தனை பேரின் பிறந்தநாளையும் சொல்லுவார். அட்டையை மடியில் வைத்து, முகத்தை இறுக்கிக்கொண்டு தேதி கேட்டேன். அத்தை இரண்டு கைகளையும் மடியில் வைத்தார்.

"தெரியாது மேடம்."

"அத்தை, என்னப் போயி மேடம்ங்கறீங்க?"

அவரே திடுக்கிட்டுப்போய், பிறகு கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "அய்ய, பாப்பா! நீ அட்டைய வெச்சிக்கினு மூஞ்சிய உம்முனு வெச்சிக்கினு கேட்டியா, ஆடிட்காரங்கன்னே நெனச்சிக்கிச்சு வாயி. வெளிநாட்டுல ஷூ வாங்கறவங்க ஆள அனுப்புவாங்க. ஒவ்வொருத்தரா கூப்ட்டு ஒக்கார வெச்சிக் கேப்பாங்க, எல்லாத்தையும் எழுதிக்குவாங்க. அதுக்கு முன்னாடியே எங்கள உள்ள கூப்ட்டு சொல்லிடுவாங்க, எது கேட்டாலும் தெரியாது சொல்லு, ஞாபகம் இல்ல சொல்லு, எதுலயும் கையெழுத்து போடாத, பேனாவ தொடாதன்னு. வாயத் தொறந்து பேசுன ரெண்டு பேரு அடுத்த மாசம் லைன்லயே இல்ல. எத்தினி வருஷமா சொல்லிக்கினு இருக்கறோம், தானா வந்துடுது."

இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன், தெருவில் ஓடினேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அட்டை இல்லை, பேனா இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாவாடையை எடுத்து மடித்தபடி சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"ம்மா, இன்னிக்கி என்ன தேதி?"

அம்மா துணியைக் கீழே வைத்தாள். கைகள் மடிக்குப் போயின. தேதி சொன்னாள், கிழமை சொன்னாள், மாதம் சொன்னாள். நான் அடுத்ததைக் கேட்கவே இல்லை, அவளே தொடர்ந்தாள். பல்லி, குடை, வாழைப்பழம், ரயில், செம்பு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து, தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று மூச்சு விடாமல் போய், தாளில் அந்தக் கேள்வி முடியும் இடத்தில் நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உன் பையிலருந்து அந்த பேப்பர எடுத்துப் படிச்சேன்" என்றாள். "பஸ்லயும் சாப்பாட்டு டயத்துலயும் மனப்பாடம் பண்ணேன்."

நான் சிரித்துவிட்டேன். இத்தனையையும் மனப்பாடம் செய்கிற மூளைக்கு என்ன வியாதி இருக்க முடியும்? இரண்டு வாரப் பாரம் ஒரே நிமிஷத்தில் இறங்கியது. அம்மா சிரிக்கவில்லை.

"பன்னெண்டுன்னு போட்டிருந்தியே. டாக்டராண்ட அனுப்பணும்னு கீழ இருந்துச்சு. நீயும் எம் பின்னாலயே சுத்திக்கினு இருந்த, அடுப்பாண்ட வந்து நின்ன, பஸ்ஸாண்ட வந்து நின்ன. எனக்குப் புரிஞ்சி போச்சு. யாருகிட்டயும் சொல்லிடாத பாப்பா. கம்பெனில தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. உன் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷந்தானே. அது வரைக்கும் எப்படியாவது மறக்காம ஓட்டிடறேன்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். உனக்கு ஒன்றும் இல்லை என்றேன். ஆடிட்டைச் சொன்னேன், எதிர்வீட்டு அத்தையைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "எம் மனசு நோவக் கூடாதுன்னு சொல்ற. படிச்சவ நீ, உனக்குத் தெரியாதா?" என்றாள்.

வேலூரில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவரும் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார். வெளியே வந்ததும், டாக்டரிடம் முன்கூட்டியே நான் என்ன பேசி வைத்தேன் என்று கேட்டாள். அறிக்கையில் என் தவறை ஒப்புக்கொண்டு எழுதினேன், பேராசிரியை பாராட்டினார். அந்தப் பாராட்டை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கடைசி வருஷம். தினமும் சாயங்காலம் ஷிஃப்ட் விட்டு வந்து போன் செய்கிறாள். முன்பெல்லாம் எடுத்த உடனே, சாப்டியா என்று கேட்பாள். இப்போது, "இன்னிக்கி புதங்கெழம, பதினெட்டாந்தேதி" என்று சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

"சரியா?"

"சரிம்மா."

அதற்குப் பிறகுதான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள்.