சுவரைப் பார்த்த டின்

சுங்கை பினாங்கில் நான் காலையில் பால் சேர்க்காத தே ஓ குடிக்கும் கடைக்கு ஒருவர் வருவார். முன்னாள் ராணுவ வீரர். கண்ணிவெடியில் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. காலியான சட்டைக் கையையும் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு, ஊசி குத்தியிருப்பார்.

இறந்தவர் ஒருவரின் கையை அவருக்குப் பொருத்தலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். செயற்கைக் கைக்கு மட்டும்தான் பணம் தர முடியும் என்றது ராணுவ நல அலுவலகம். அதனால் கடைக்காரர் கல்லாவில் ஒரு வசூல் டின் வைத்தார். அதில் அவருடைய ராணுவ உடைப் படம் ஒட்டியிருந்தது. அவர் தினமும் உள்ளே வந்ததும் டின்னைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுத்தான் உட்காருவார்.

ஒருநாள் கேட்டேன். "ஏண்ணே, நாங்க குடுத்தா வாங்கிக்க மாட்டீங்களா?"

"என்னைய அங்க அனுப்புனது நீங்களா தம்பி? அனுப்புனவங்க குடுக்கட்டும் லா. இப்பவும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

காசு கொடுக்க எழுந்தார். பக்கத்தில் இன்னொரு டின் இருந்தது, ஒரு குழந்தையின் இருதய ஆபரேஷனுக்காக. மீதிச் சில்லறை முழுவதையும் இடது கையால் அதில் போட்டார்.

"இதுக்கு மட்டும் போடுறீங்க?"

"இந்தப் பிள்ளைய யாரும் எங்கயும் அனுப்பலையே."

அவர் போனதும் கடைக்காரர் வழக்கம்போல் அவருடைய டின்னை முன்பக்கம் திருப்பி வைத்தார். படத்தில் அவர் வலது கையால் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து எடுத்த பத்து வெள்ளி நோட்டை அதில் போட எனக்குக் கை வரவில்லை.