ஒரு முறை மட்டும் ஒளிபரப்பலாம்

மாத்தளையிலிருந்து தொலைபேசி வந்தது. "சுப்பையா அண்ணன் போயிட்டாருங்க" என்றது ஓர் ஆண்குரல். "நீங்க யாரு பேசுறது?" என்றுதான் முதலில் கேட்டேன். அண்ணனுக்கு அது பிடித்திருக்கும். செய்தியை விசாரிக்கும் முன் செய்தி சொல்பவனை விசாரிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

மாத்தளையில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் சந்தேகப்படாதவர்கள் அதைவிடக் குறைவு. இதைப் படிக்கும் நீங்கள் மாத்தளைக்காரர் என்றால் உங்களுக்கும் உங்கள் முறை வந்திருக்கும். பழைய தமிழ்ப் படங்களின் பிரதிகளை வைத்திருந்து, முதலில் தியேட்டர்களுக்கும் பிறகு தொலைக்காட்சிக்கும் கொடுத்துவந்தார். கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு ஞாயிற்றுக்கிழமைப் படம் தேடிப்பிடிப்பது என் வேலை. அதனால் எங்களுக்குள் நீண்ட காலப் பழக்கம். அதை நட்பு என்று எழுதினால் ஆதாரம் கேட்டிருப்பார்.

அந்தப் படங்களில் ஒன்றை எடுத்தவர்களில் அவரும் ஒருவர். மாத்தளைப் பக்கம் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த படம். கூட்டம் வரும் காட்சியில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் ஆட்களே நின்றார்கள். அவருடைய அக்காவும் நின்றார். பிறகு அவர்களில் பலர் குடியுரிமை கிடைக்காமல் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். அக்காவும் போனார், அங்கேயே இறந்தார். அந்தக் காட்சியைத் தவிர அக்காவுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. படத்தின் நெகட்டிவ் இனக்கலவரத்தில் கொழும்பில் எரிந்துபோனது. மிஞ்சிய ஒரே பிரதி அண்ணன் வீட்டில் இருந்தது.

அதைக் கேட்டு எங்கள் நிலையம் ஓர் ஒப்பந்தம் அனுப்பியது. உலகம் முழுவதற்கும், எக்காலத்துக்கும், இனிக் கண்டுபிடிக்கப்படும் சாதனங்களுக்கும் உரிமை வேண்டும் என்றது.

"கண்டுபிடிக்காததையும் இப்பவே எழுதி வாங்குவீங்களா தம்பி? எல்கடுவையில தெரிஞ்சாப் போதும்" என்றார் அண்ணன்.

கடைசியில் அவர் சொன்னபடிதான் முடிந்தது. ஒரு முறை மட்டும் ஒளிபரப்பலாம். ஒளிபரப்புக்காகப் படத்தை நாங்கள் ஏற்றிக்கொள்ளும் வீடியோ நாடாவைப் பிறகு அவர் கண்முன்னே அழிக்க வேண்டும்.

ரீல்களைத் தபாலிலோ என் கையிலோ தர அவருக்கு மனமில்லை. தகரப் பெட்டிகளோடு தானே பஸ் ஏறினார். வழியில் சோதனைச் சாவடி. வட்டமான பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வரும் தமிழரைக் கண்டால் யுத்தம் நடந்த அந்த நாட்களில் யாருக்கும் உற்சாகம் பிறக்காது. இது என்ன என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டார். டீவிக்குக் கொண்டுபோகும் படம் என்றார் அண்ணன். "டீவியில்தான் ஏற்கெனவே படம் வருகிறதே" என்றார் சிப்பாய். நியாயமான கேள்வி, அண்ணனே பிறகு ஒப்புக்கொண்டார். சிப்பாய் ஃபிலிமில் ஒரு முழம் உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தார். கதாநாயகி தெரியவில்லை என்று அதிருப்தியோடு திருப்பிக் கொடுத்தார்.

ஒளிபரப்புக்கு முன்பே அண்ணன் எல்கடுவைக்குப் போய், வீடியோ டெக்கில் கசட் போட்டுப் படத்தைப் பதிந்தால் கேஸ் போடுவேன் என்று லயம் லயமாக எச்சரித்திருந்தார். நாங்கள் இரண்டு பாட்டுகளை வெட்டிவிட்டுப் படத்தைக் காட்டினோம். "விளம்பரத்துக்கு நடுவுல படமும் போட்டீங்க, சந்தோஷம்" என்றார்.

பிறகு நாடாவை அவர் முன் அழித்தோம். சில நொடி வேலை. அவர் நம்பவில்லை. ஓடவிட்டுக் காட்டச் சொன்னார். வெறும் வெள்ளைப் புள்ளிகள் திரையில் இரைந்தன. எங்காவது ஒரு காட்சி தப்பியிருக்கலாம் என்று அதை முழுப் படத்தின் நேரமும் உட்கார்ந்து பார்த்தார். இடையில் தேநீர் கொடுத்தோம். "நீங்க முதல்ல குடிங்க" என்றார்.

சில வருடங்களுக்குப் பின் அலுவலகத்துக்கு வந்தார். மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தால் வினாகிரியின் புளிப்பு மணம், ஃபிலிம் கெட்டுப்போனதன் அடையாளம். "ரீல் கிண்டின தொதல் மாதிரி ஒட்டிக்கிச்சு தம்பி." பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சுக்காதீங்க. ஒரு கொப்பி ஒளிச்சு வச்சிருக்கீங்கதானே?"

"இல்லண்ணே."

"சும்மா சொல்லாதீங்க. டீவிக்காரங்க நீங்க."

"சத்தியமா இல்லண்ணே. நீங்கதானே பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

நாங்கள் திருடர்கள் என்று அவர் நம்பிய காலமெல்லாம் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது. அன்று முடியவில்லை. எங்கள் நிலையம் ஓர் ஒப்பந்தத்தை எழுத்துக்கு எழுத்து மதித்தது அந்த ஒரு தடவைதான்.

அதன்பின் அவர் மறுபடியும் எல்கடுவை லயங்களில் ஏறி இறங்கினார். இந்த முறை, யாராவது பதிந்திருந்தால் கொடுங்கள் என்று கெஞ்சினார். பதிந்தவர்களைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். "நம்மகிட்ட டெக்கே இல்லீங்களே" என்றார்கள், டெக்கின் மேல் துவாயை விரித்துவிட்டு. அவர் சாகும்வரை அந்தப் பதில் மாறவில்லை.

சாவு வீட்டில், எல்கடுவையிலிருந்து வந்திருந்த பார்வதி என்ற பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமே கேஸ் போட யாரும் இல்லீங்கதானே?"

"இல்லை."

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

மறுநாள் பார்வதி தன் லயத்தில், துவாயை எடுத்துவிட்டு, அன்று டீவியிலிருந்து பதிந்த கசட்டைப் போட்டார். படம் நடுங்கியது, வானிலை அறிக்கையின் வால், சவர்க்கார விளம்பரம், அப்புறம் கூட்டம். பார்வதி திரையில் விரலை வைத்தார். "இந்தா, கூடையோட நிக்கிறாங்களே, அவுங்கதான் அண்ணனோட அக்கா."

மற்றவர்கள் எல்லோரும், சொல்லிக் கொடுத்தபடி, கதாநாயகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் கமராவைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பிடித்து எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்கும், அண்ணனுடைய அதே பார்வை. சுப்பையா அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அவருக்கு மறுபடி காணக் கிடைக்காத அந்தப் பார்வையைத்தான்.